இன்னைக்கு என்ன கிழமை

சுவரில் தாள் ஒட்டுவதற்குக் கடையில் விற்கும் பசை உதவாது. இரண்டு மழைக்குத் தாங்காது. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, அடிபிடிக்காமல் கிண்டிக் காய்ச்சி, இறக்கும் நேரத்தில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும். பூச்சி அரிக்காது. குளிர்காலமென்றால் பசை உறையாமலிருக்கக் கொஞ்சம் சாராயம் விட்டுக்கொள்ளலாம். செத்தவர்களின் படம் போட்ட தாளை எங்கள் ஊரில் வாசற்கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுகிறோம். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருஷம் என்று திரும்பத் திரும்ப ஒட்டுகிறோம். மற்றவர்கள் ஒட்டியவை ஒரு மாதத்தில் தொங்கிவிடும். நான் ஒட்டியது ஒன்றுகூடக் கிழிந்ததில்லை.

நீங்கள் சாவியைப் பற்றிக் கேட்க என்னைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சட்டைகளும் பந்துகளும் வைக்கிற அந்த அறையின் சாவி யார் யாரிடம் இருந்தது என்று. போன வாரம் கேட்டிருந்தால் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். நல்ல பதில். இந்த வாரம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முறையாகச் சொல்லிப் பழகியவன் நான். குறுக்கே கேட்காமலிருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

என் பெயர் மெதோதி. மெத்னா ஊரின் ஸோரா கால்பந்துக் கழகத்துக்கு இருபத்தாறு வருஷம் செயலாளராக இருந்தேன். ஆட்டக்காரர்களின் பதிவு அட்டை, மருத்துவச் சான்று, எதிரணிக்குக் கடிதம், நடுவருக்கு ஓட்டல் அறை, எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். யார் கோல் போட்டான் என்று ஊருக்கே தெரியும். கோல் போட்டவனுக்கு அன்று களத்தில் இறங்க அனுமதி இருந்ததா என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் வெளியூர். மெத்னாவில் செம்புச் சுரங்கம் உண்டு, தேவாலயம் உண்டு, ஸோரா உண்டு. சுரங்கம் வருஷா வருஷம் ஆட்களைக் கழித்தது. தேவாலயத்துக்குக் கிழவிகள் போனார்கள். ஸோராவுக்கு எல்லோரும் வந்தார்கள். எட்டாயிரம் பேர் உள்ள ஊரில் சனிக்கிழமை மாலை நான்காயிரம் பேர் மைதானத்தில் இருப்பார்கள். மீதிப் பேர் சன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள். பேசாத அண்ணன் தம்பிகளும் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை அங்கே மாற்றிக்கொள்வார்கள்.

வெலிச்கோவை அங்கே தெரியாதவர்கள் இல்லை. பதினான்கு வருஷம் கோல் காத்தவன். தலைநகரத்துப் பெரிய அணி ஒன்றோடு மழையில் நடந்த கோப்பை ஆட்டத்தில் இரண்டு பெனால்டியைப் பிடித்தான். அடுத்த வருஷம் ஊரில் பிறந்த ஆண்பிள்ளைகளில் பதினொரு பேருக்கு வெலிச்கோ என்று பெயர். நகராட்சிப் பதிவேட்டில் நானே பார்த்தேன். முழங்கால் போன பிறகு அணியின் பஸ்ஸை ஓட்டினான், சட்டைகளைப் பார்த்துக்கொண்டான். குடிப்பான், பாடுவான், யாரைக் கண்டாலும் கட்டிப்பிடிப்பான். என்னைவிட மூன்று வயது சின்னவன். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் வசந்தத்தில் ஸோரா முதல் டிவிஷனுக்கு ஏறியது. ஐம்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு. மே மாதக் கடைசி ஞாயிறு, சுரங்கத்துக் கேன்டீனில் விருந்து. நான்கு ஆடு. மேயர் நன்றி சொல்ல எழுந்தார். அவர் கையிலிருந்த தாளைத் தட்டச்சு செய்தவன் நான். தன் பெயரைத் தானே அடித்துக்கொள்வது அழகல்ல என்று விட்டிருந்தேன். மேயர் தானாகச் சேர்த்துக்கொள்வார் என்று ஓர் எண்ணம். அவர் வரி பிசகாமல் படித்தார். பயிற்சியாளர், ஆட்டக்காரர்கள், சட்டை துவைக்கும் இவாங்கா, மைதானத்துக் காவல் நாய் வரைக்கும். நாயை நான்தான் சேர்த்திருந்தேன், சிரிப்பதற்காக. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு தாளில் இல்லாத ஒன்றை மேயர் சொன்னார். மைதானத்தின் கிழக்குப் பக்கம் கட்டப்போகும் புதிய பார்வையாளர் அரங்கத்துக்கு வெலிச்கோவின் பெயர்.

கைதட்டல் அடங்க நெடுநேரமானது. அது அடங்குவதற்குள் வெலிச்கோ நாற்காலி மேல் ஏறிவிட்டான்.

"அட, நம்ம மெதோதி அண்ணனை விட்டுட்டீங்களேப்பா. அவரு மட்டும் இல்லன்னா நாமெல்லாம் திருட்டுத்தனமா பந்து உதைக்கிற பயலுக."

வாத்தியக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். யார் காதிலும் விழவில்லை. அவன் மதுக் கோப்பையோடு இறங்கி என் மேஜைக்கு வந்தான். தோளில் தட்டினான்.

"விடுங்கண்ணே. எனக்குத் தெரியும். அது போதாதா?"

அந்தக் கூடத்தில் என்னை நினைத்தவன் அவன் ஒருவன்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவன்மேல் எனக்குக் கோபம் வந்ததாக நினைக்காதீர்கள். மற்றவர்கள் என்னை மறந்திருந்தார்கள், அது பழக்கம்தான். இவன் எனக்குப் பிச்சை போட்டான்.

முதல் டிவிஷனில் ஆடுவதற்கு உரிமம் வேண்டும். அதற்கு ஒரு கட்டுக் காகிதம். அதைத் தலைநகரத்தில் கால்பந்துச் சங்கத்து அலுவலகத்தில் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஜூன் மாதம் இரண்டாம் வாரம், வியாழக்கிழமை நண்பகலோடு கெடு முடிகிறது. மூன்று வாரம் உட்கார்ந்து நான் தயாரித்த கட்டு அது. ஒரு முத்திரைகூடக் கோணலாக இல்லை. புதன்கிழமை சாயங்காலம் வெலிச்கோ வந்து வாங்கிக்கொண்டு போனான்.

அவன் அதை வெள்ளிக்கிழமை கொண்டுபோனான்.

வாங்கிப் பார்த்த பெண் தேதியைக் காட்டிவிட்டு உறையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அவன் அவள் மேஜையருகே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறான். கெடு கெடுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அன்று மாலை மேயர் அறையில் கூடினோம். மேயர், பயிற்சியாளர், நிர்வாகத்தார் ஆறு பேர், நான். வெலிச்கோ உறையை மார்போடு அணைத்தபடி நின்றான்.

"வியாழன்னு தெரிஞ்சிருந்தா நான் புதன் ராத்திரியே பஸ்ஸை எடுத்திருப்பேனே. அண்ணன் வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ளன்னுதான் சொன்னாரு. கேளுங்க. அண்ணே, சொல்லுங்கண்ணே."

மேயர் என் பக்கம் திரும்பினார். "மெதோதி, நீங்க என்ன சொன்னீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் அத்தனை பேர் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்ததில்லை.

"வியாழன் நண்பகல்னு சொன்னேன்," என்றேன்.

வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வியாழக்கிழமை வெலிச்கோ மைத்துனனின் திராட்சைத் தோட்டத்தில் விருந்தில் இருந்தான். அவன் பாடியதைப் பாதி ஊர் கேட்டிருந்தது. நான் இருபத்தாறு வருஷத்தில் ஒரு தேதி தவறவிட்டதில்லை. அவன் குடிப்பவன், நான் குடிக்காதவன். ஊர் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

உரிமம் இல்லையென்று ஆனதும் ஆட்டக்காரர்கள் இரண்டு வாரத்தில் கலைந்தார்கள். சுரங்க நிர்வாகம் கையை விரித்தது. கீழ் டிவிஷன்காரர்கள் எங்கள் இடத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜூலைக் கடைசியில் எண்பத்தோரு வயதுக் கழகத்தைக் கலைக்கும் தீர்மானத்தை நானே தட்டச்சு செய்தேன். மூன்று பிரதி.

ஆகஸ்டில் ஆட்டப் பருவம் தொடங்கும் முதல் சனிக்கிழமை. யாரும் அழைக்கவில்லை, யாரும் பேசிவைக்கவும் இல்லை. ஐந்து மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நான் கதவைத் திறந்துவிட்டேன். அவரவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டாயிரம் பேர் வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விதையைக் கடித்துத் துப்பும் சத்தம் மட்டும், கூரைமேல் தூறல் விழுவதுபோல. நாற்பத்தைந்தாவது நிமிஷம் எழுந்து பீருக்கு வரிசையில் நின்றார்கள். கடை மூடியிருந்தது. ஆனாலும் நின்றார்கள். திரும்பி வந்து இரண்டாவது பாதியையும் உட்கார்ந்து முடித்தார்கள். சுரங்கத்தில் வெடிவைத்து ஒரு காது போன ஆள் ஒருவன் எழுபதாவது நிமிஷத்தில், "மாத்து ஆளை இறக்குங்கடா," என்று முனகினான். பக்கத்திலிருந்தவர்கள் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார்கள்.

போகும்போது ஒவ்வொருவரும் வாசலில் நின்ற என் கையைப் பிடித்தார்கள். செத்த வீட்டில் மூத்த மகன் கையைப் பிடிப்பதுபோல.

அன்று இரவு எனக்குத் தோன்றியது, இந்தத் துக்கத்துக்கும் ஒரு செயலாளர் வேண்டும். அணியின் கடைசிப் படத்தை நடுவில் வைத்து, கறுப்புக் கட்டம் போட்டுத் தாள் அடித்தேன். ‘ஸோரா, மெத்னா. எண்பத்தோரு வயது. ஆறாத துயரத்துடன், ஊரார்.’ ஊர் முழுக்க ஒட்டினேன். உரிமம் போன நாளிலிருந்து எண்ணினால் நாற்பதாம் நாள் தாண்டியிருந்தது; ஆனாலும் அதற்குப் பாதிரியாரைக் கூப்பிட்டேன். அவர் தயங்கினார்.

"மெதோதி, ஞானஸ்நானம் வாங்காத ஒன்னுக்கு நான் எப்படிப்பா பிரார்த்தனை பண்றது?"

இவாங்கா பக்கத்தில் இருந்தாள். "ஃபாதர், முப்பது வருஷமா அவங்க சட்டைய நான் முக்கி எடுத்திருக்கேன். இதுக்கு மேலயா ஞானஸ்நானம்?"

பாதிரியார் வந்தார். அவித்த கோதுமையைச் சர்க்கரை தூவி எல்லோருக்கும் கொடுத்தோம். நடுக்கோட்டில் ஒயினைத் தரையில் ஊற்றினோம். தெருவில் போனால் பெண்கள் நின்று பேசினார்கள். ரொட்டிக் கடையில் என்னை முன்னால் விட்டார்கள். மேயர் என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

வெலிச்கோவுக்கு அதே கடையில் ரொட்டியைக் கையில் கொடுக்கமாட்டார்கள். பலகைமேல் வைப்பார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் முரடர்கள் அல்ல. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்கள்.

"வெலிச்கோ, இன்னைக்கு என்ன கிழமை?"

சலூனில் கேட்பார்கள். மருந்துக் கடையில், பஸ்ஸில் கேட்பார்கள். சிரிக்காமல் கேட்பார்கள். ஒருமுறை சவ ஊர்வலத்தில் செத்தவனின் தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டே கேட்டான். முதலில் சில நாள் அவன் பதில் சொன்னான். "செவ்வாய்." "புதன்." பிறகு தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தான். செப்டம்பரில் அவனிடமிருந்த சாவிகளை வாங்கிவிடச் சொன்னது நிர்வாகம். வாங்கியது நான். அன்றோடு குடியையும் நிறுத்தினான் என்று அவன் மனைவி தோன்கா உங்களிடம் சொல்லியிருப்பாள். அது உண்மை.

ஒரு தடவை தபால் நிலையத்தில் நாலு பேர் அவனைச் சூழ்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தபோது நான் குறுக்கே போனேன்.

"விடுங்கப்பா. மனுஷன்னா மறதி இருக்கத்தான் செய்யும்," என்றேன்.

மெதோதியின் மனசு யாருக்கு வரும் என்று ஊர் பேசிக்கொண்டது. வெலிச்கோ என்னை நன்றியோடு பார்த்தான்.

அவன் அடிக்கடி என் அறைக்கு வருவான். மூடிய கழகத்தின் அறையில் நான் தினமும் போய் உட்கார்ந்திருப்பேன், சம்பளம் இல்லாமல். கதவருகே நின்றுகொண்டு கேட்பான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இன்னும் ஒரே ஒரு தடவை. அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

"வியாழன்னு சொன்னேன், வெலிச்கோ."

"அப்படித்தான் சொல்லியிருப்பீங்க." தலையைத் தடவிக்கொள்வான். "டாக்டர்கிட்ட போனேன். மூளைய படம் எடுத்துப் பாத்தாரு. ஒன்னுமில்லங்கிறாரு. ஒன்னுமில்லன்னா எனக்கு ஏன் வெள்ளின்னு காதுல கேக்குது? உங்க குரல்லயே கேக்குதுண்ணே."

"உடம்பைப் பாத்துக்கோ," என்பேன்.

அவன் தன்னையே நம்பாமல் போனான். அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. கேட்டபோதெல்லாம் ஒரே பதிலைச் சொன்னேன், அவ்வளவுதான்.

துக்கத்தின் இயல்பு உங்களுக்குத் தெரியும். வயது குறைவென்றாலும் உங்கள் வேலை அப்படிப்பட்டது. டிசம்பரில், ஆறாம் மாதப் பிரார்த்தனைக்கு முப்பது பேர் வந்தார்கள். அவித்த கோதுமை ஒரு அண்டா மீந்தது. காப்பிக் கடையில் பெரிய திரை வைத்து இங்கிலாந்து ஆட்டங்களைக் காட்டினார்கள். இளைஞர்கள் வேறு அணிகளின் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். நான் கையில் தாளோடு நின்றால், "ஒட்டிக்குங்க, ஒட்டிக்குங்க," என்று நகர்ந்து வழிவிட்டார்கள். யாரும் கையைப் பிடிக்கவில்லை.

ஜனவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று நாளாகப் பனி. மதியம் மூன்று மணிக்குமேல் வெலிச்கோ வந்தான். ஆறு மாதத்தில் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு, உள்பையிலிருந்து ஒரு பாதித் தாளை எடுத்து என் மேஜைமேல் வைத்தான்.

"அண்ணே, பஸ்ஸை வித்துட்டாங்கல்ல. என் சாமானை எடுக்கப் போனேன். தலைக்கு மேல வெயில் மறைக்கிற தட்டு இருக்கே, அதோட துணி கிழிஞ்சு உள்ள விழுந்து கிடந்துச்சு."

‘சங்க அலுவலகம், இரண்டாம் மாடி. வெள்ளி, மாலை 5-க்குள்.’ என் கையெழுத்து.

புதன்கிழமை சாயங்காலம் நான் அவனிடம் வெள்ளிக்கிழமை என்றுதான் சொன்னேன். என் தலை சல்லடை, எழுதிக் கொடுங்கள் என்றான். எழுதியும் கொடுத்தேன். அந்தத் தாளையே அவன் பிறகு மறந்துவிட்டான். எழுதுகிறவன் கேட்டால் எழுதாமல் எப்படி இருப்பது? மேயர் அறைக் கூட்டத்துக்குப் பிறகு இரண்டு தடவை அந்தப் பஸ்ஸுக்குள் ஏறித் தேடினேன். கிடைக்கவில்லை. தூக்கிப் போட்டிருப்பான் என்று இருந்துவிட்டேன்.

ஏன் வெள்ளி என்றேன் என்று கேட்பீர்கள். ஒரு நாள் தாமதமானால் சங்கத்தார் தவணை கொடுப்பார்கள், நான் நேரில் போய்ப் பேசிச் சரிசெய்து வருவேன், ஊர் என்னைத் தோளில் தூக்கும் என்று நினைத்தேன். நெடுநாள் எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் உரிம விதிகளைப் பல தடவை படித்தவன் நான். எந்தக் காரணத்துக்கும் தவணை கிடையாது என்று பதினொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அந்த வரியின் கீழ் பென்சில் கோடு போட்டவனும் நான்தான்.

வெலிச்கோ கோபப்படவில்லை. அதுதான் என்னைத் தடுமாற வைத்தது.

"எனக்குப் பைத்தியம் இல்லண்ணே," என்றான். "பாத்தீங்களா, பைத்தியம் இல்ல. நீங்க தப்பா எழுதிட்டீங்க, அவ்வளவுதானே? மூணு வாரம் தூங்காம வேலை பாத்தீங்க. யாருக்கும் கை தவறும். நான் ஊர்ல சொல்லமாட்டேன். உங்கள இன்னைக்கு என்ன கிழமைன்னு கேக்க ஆரம்பிச்சா நீங்க தாங்கமாட்டீங்க. எனக்குப் பழகிருச்சு. தோன்காகிட்ட மட்டும் வந்து சொல்லிருங்க. அவ மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதும்."

மறுபடியும் என் தோளில் தட்டினான்.

யோசித்துப் பாருங்கள். அவன் என்னை மன்னித்துவிட்டான். நான் கேட்காமலே. அந்த மன்னிப்போடு நான் எத்தனை வருஷம் அதே தெருவில் நடப்பது? அவன் ரொட்டி வாங்கும்போது பின்னால் நின்று, இவன் சொல்லாமலிருக்கிறான், இவன் தயவில் நான் இருக்கிறேன் என்று எத்தனை வருஷம்?

"வா, கெடு சொல்லி சங்கம் அனுப்பின கடிதத்தோட நகல் சட்டை ரூம்ல இருக்கு. ரெண்டையும் சேத்து எடுத்துட்டுப் போய் தோன்காகிட்ட காட்டலாம்," என்றேன்.

மேற்கு அரங்கத்துக்கு அடியில் இருக்கிறது அந்த அறை. இரும்புக் கதவு, சன்னல் இல்லை. கழகம் கலைந்ததும் மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள். நான் பூட்டைத் திறந்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன். "பின்பக்க அலமாரி, மேல் தட்டு," என்றேன். அவன் நொண்டிக்கொண்டு உள்ளே போனான். நான் வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். மணி நாலு.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினான். கோல்காரன் கை, கனமாக இருந்தது.

"அண்ணே, கதவு மாட்டிக்கிச்சு."

"ஆமா," என்றேன். "உறைஞ்சுபோச்சு போல."

"நீங்க பலமா இழுக்காதீங்க, இடுப்பு பிடிச்சுக்கும். போய் யாரையாவது கூட்டிட்டு வாங்க. நான் இங்கயேதான இருக்கப்போறேன்." சிரித்தான்.

"சரி," என்றேன்.

வெளிக்கதவையும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவரைக்கொட்டை சூப் இருந்தது, சுடவைத்துக் குடித்தேன். அன்று பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது பாகை என்று வானொலியில் சொன்னார்கள். கணவனைக் காணோமென்று தோன்கா எட்டு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். மைதானத்துப் பக்கம் வரவில்லை என்றேன். அவள் கால் நனைந்திருந்ததால் உள்ளே உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தேன்.

மறுநாள் காலை தாழ்ப்பாளை விலக்கினேன். பழைய சட்டைகளையெல்லாம் இழுத்துப் போட்டு அதற்குள் சுருண்டிருந்தான். என் சமையலறையிலிருந்து, பசைக்கு ஊற்றுகிற சாராயப் பாட்டிலை எடுத்து வந்திருந்தேன். அவன் பக்கத்தில் வைத்தேன், கொஞ்சம் அவன் கோட்டில் ஊற்றினேன். கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போனேன். இரண்டு நாள் ஊர் தேடியது. நானும் தேடினேன். வெள்ளிக்கிழமை நான் போய்க் ‘கண்டுபிடித்தேன்’. பூட்டாமல் விட்டேன் போல, குடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்திருக்கிறான் என்றேன். ஊர் டாக்டர் குளிர் என்று எழுதினார். அந்த நாலு நாளும் நான் சரியாகத் தூங்கினேன். பொய் சொல்வானேன்?

சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. அந்தத் தாளையும் எரிக்கவில்லை. கழகத்தின் எந்தக் காகிதத்தையும் நான் எரித்ததில்லை. உரிமக் கோப்பில் கடைசித் தாளாக இருக்கிறது. ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

இனி, ஏன் சொல்கிறேன் என்பது. இந்த ஜனவரியில் அவனுக்கு ஒரு வருஷம் ஆனது. மைதானத்து வாசல் கதவில் ஸோராவின் ஒன்றரை வருஷத் தாளை டிசம்பரில் நான் ஒட்டியிருந்தேன். தோன்கா வெலிச்கோவின் தாளை அதன்மேலேயே ஒட்டிவிட்டாள். பக்கத்தில் எவ்வளவோ இடம் இருந்தது. நான் போய்க் கேட்டேன்.

"தோன்கா, அதுக்கு மேல ஒட்டலாமா? அது அணியோட தாள்."

"அண்ணே, அதை இப்ப யாரு படிக்கிறா?" என்றாள். "இவரோடத நின்னு படிக்கிறாங்க. தொப்பியக் கழட்டிட்டுப் படிக்கிறாங்க."

நான் அங்கே நின்று பார்த்தேன். அவள் சொன்னது சரி. படித்துவிட்டுப் போகிறவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். ஒருவரும் திரும்பவில்லை. அணிக்கு நடந்தது எது, அவனுக்கு நடந்தது எது, இரண்டையும் நடத்தியது யார் என்று தெரியாமல் ஓர் ஊர் எப்படித் துக்கம் கொண்டாட முடியும்? ஆகையால் சொல்லிவிட்டேன். பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் உங்கள் அறிக்கையில் சேர்க்க வேண்டும். வெலிச்கோவின் சவ அடக்கத்துக்கு மூவாயிரம் பேர் வந்தார்கள். ஆறு மாதமாக அவனோடு பேசாதவர்கள் பெட்டியை மாற்றி மாற்றித் தூக்கினார்கள். கிழமை கேட்டவர்கள் பனியில் முழந்தாளிட்டார்கள். காப்பிக் கடையில் திரையை அணைத்துவிட்டு இளைஞர்கள் ஸோராவின் கழுத்துத் துணியோடு வந்து கழகத்துப் பாட்டைப் பாடினார்கள். பிரிந்து பிரிந்து போய்க்கொண்டிருந்த ஊர் அன்று மறுபடியும் ஒன்றாக இருந்தது. அதை நான் கெடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவனை நான் வெறுத்ததில்லை, ஸோராவை என்னைப்போல் நேசித்தவனும் அங்கே இல்லை. இரண்டு சாவிலும் எல்லோரையும்விட அதிகம் அழுதவன் நான்தான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.